விளக்குக்காரனின் பின்பாதி

ஊசியக்காவின் இடது தோளில், துணி மடிப்பில், எப்போதும் ஒரு ஊசி குத்தியிருக்கும். வீட்டுக்குப் போகும்போதும் எடுக்க மாட்டார். "பஸ்ல எவனாவது மேல சாஞ்சா அவனே நிமிர்ந்துக்குவான்" என்று சிரிப்பார். அந்தப் பெயரை வைத்தது யார் என்று தெரியாது. சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அப்படிக் கூப்பிடாமல் இருப்பதே தனக்கு வசதி என்பது போலத்தான் அவரும் இருந்தார்.

எங்கள் வாடகை நூலகம் ஒரு தையல்கடையின் மாடியில் இருந்தது. கீழே மெஷின் ஓடினால் மேலே அலமாரிகள் அதிரும். முன்னறையில் முதலாளியின் மேசையும் சுவர் நிறையப் புத்தகங்களும். பின்னறையில் ஜன்னலோரம் ஊசியக்காவும் நானும். படித்துப் படித்துக் கிழிந்து வரும் புத்தகங்களைப் பிரித்து, தைத்து, முதுகுக்குத் துணி ஒட்டி, மறுபடி அலமாரிக்கு அனுப்புவது எங்கள் வேலை. அக்கா தைப்பார். நான் பசை காய்ச்சுவேன், தாள் மடிப்பேன், ஒட்டிய புத்தகங்களை அழுத்துப்பெட்டியில் அடுக்கி, மேலிருக்கும் இரும்புத் திருகை இறுக்கிவிடுவேன். காலையில் திருகைத் தளர்த்தி எடுத்தால் புத்தகம் தகடு போல நேராக இருக்கும்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். வேலைக்கு வந்த புதிதில் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். பேச்சும் குறைவு. முதலாளி எனக்குத் தபால்பெட்டி என்று பெயர் வைத்திருந்தார். "போட்டதெல்லாம் உள்ள போகும், திரும்பி ஒண்ணும் வராது."

முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. தடித்த புத்தகம் வந்தால் நடுவில் அறுத்து இரண்டு கட்டாகக் கட்டச் சொல்வார். "ஒருத்தர் முன்பாதி படிக்கட்டும், இன்னொருத்தர் பின்பாதி படிக்கட்டும். முழுசாக் குடுத்தா, ஒரு பாதியைப் படிக்கிறவன் இன்னொரு பாதியைத் தலைமாட்டுல படுக்க வெச்சிருப்பான். அதுக்கா நான் கடை வெச்சிருக்கேன்?" எங்கே அறுப்பது என்பது மட்டும் அக்காவின் விருப்பம். கதையில் ஒரு கதவு தட்டப்படும், யார் என்று தெரியாது, அங்கே அறுத்துவிடுவார். ஆட்கள் பின்பாதியைத் தேடி மறுநாளே மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்து நிற்பார்கள்.

"கதை எழுதுறவனைவிட நீ பெரிய கொலைகாரிம்மா" என்பார் முதலாளி.

அக்கா சிரிக்கமாட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் சிரிக்கமாட்டார். அது ஏன் என்று வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை மிஞ்சிப்போய், பிரித்த கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு அறை. மகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். "வீட்டுக்காரர் வெளியூர்ல வேலையா இருக்கார்" என்று அக்கா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, "வந்துட்டார், உடம்பு சரியில்லை" என்றார். அவரை அன்றுதான் பார்த்தேன். நெடிய ஆள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அக்காவும் நானும் தரையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினோம். சற்று நேரத்தில் தூரத்தில் ரயில் சத்தம் கேட்டது. அவர் எழுந்து நின்றார். வலது கை இடுப்பு உயரத்துக்கு வந்து, காற்றில் எதையோ இறுகப் பிடித்துக்கொண்டது. பிறகு சுற்ற ஆரம்பித்தது. பாரமான சக்கரத்தைச் சுற்றுவது போலத் தோளைக் கொடுத்துச் சுற்றினார். ரயில் கடந்து போகும்வரை பிடியை விடாமல் நின்றார். சத்தம் அடங்கியதும் எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டு, உட்கார்ந்துகொண்டார்.

அக்கா தலை நிமிரவில்லை. ஆனால் அந்தக் கை சுற்றி முடியும்வரை நூலை இழுக்கவும் இல்லை.

அந்தச் சக்கரத்தை எனக்குத் தெரியும். ஊர் எல்லையில் இருந்த பழைய ரயில் கேட்டை அப்படித்தான் சுற்றி இறக்குவார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு காலை அந்தக் கேட் இறங்கவில்லை. திறந்துதானே இருக்கிறது என்று ஒரு வேன் உள்ளே வந்துவிட்டது. வேனில் இருந்த யாரும் பிழைக்கவில்லை. கேட்காரன் குடித்திருந்தானாம், சீட்டாடப் போயிருந்தானாம், எவளோடோ பேசிக்கொண்டிருந்தானாம் என்று ஊர் வாய்க்கு வந்தபடி சொன்னது. கோர்ட்டில் அவர், "தப்பு என்னுது" என்று மட்டும் சொன்னாராம். ஏன் என்று கேட்டதற்கெல்லாம் அந்த ஒரே பதில். சிறைக்குப் போனார். பெண்டாட்டி கைக்குழந்தையோடு எங்கேயோ போய்விட்டாள் என்றார்கள். எங்கேயும் போகவில்லை. ஊரின் இன்னொரு மூலைக்கு வந்து, பெயரை விட்டுவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நான் பார்த்துவிட்டேன் என்று அக்காவுக்குத் தெரிந்தது. வாசல்வரை வந்து வழியனுப்பும்போது சொன்னார். "தபால்பெட்டி. உள்ள போட்டது உள்ளயே இருக்கட்டும்."

தலையாட்டினேன். ஏதாவது கேட்கவேண்டும் போல இருந்தது. கேட்கத் தெரியவில்லை. அவரே சொன்னார்.

"அவர் குடிக்க மாட்டார். சீட்டும் தெரியாது. மூணாவது ஒண்ணு சொன்னாங்களே, அது மட்டும்தான் தெரியலை. இத்தனை வருஷமா நான் கேட்டதே இல்லை. கேட்டா சொல்லிடுவாரோன்னு பயம்."

அந்த நாட்களில் ஊரே 'நிழற்கடல்' படித்துக்கொண்டிருந்தது. பாகம் பாகமாக வந்த மாயக்கதை. கடல் நடுவே ஒரு தீவு, அங்கே ஓர் அரசி, காற்றை விலைக்கு விற்கும் வணிகர்கள், கப்பலோடு பேசும் பறவைகள். பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே பிரதிக்குச் சண்டை போட்டார்கள். நான்காம் பாகத்தின் கடைசியில், அரசியின் பிள்ளைகள் திரும்பி வரும் கப்பல்கள் இருட்டில் பாறையில் மோதி உடைந்துபோகும். அன்று கலங்கரை விளக்கம் எரியவில்லை. விளக்குக்காரன் எங்கேயோ போயிருந்தான். எங்கே போனான் என்று எழுதியிருக்கவில்லை.

ஊர் துடித்துப் போனது. கீழே இருந்த தையல்காரர் அளவு எடுக்க வந்தவரிடமெல்லாம் பொருமினார். "அந்தக் குட்டிப் பையன் பறவையைப் பிடிச்சுக்கிட்டே முங்குறான் சார். அந்த விளக்குக்காரன் மட்டும் என் கையில கெடைக்கட்டும், உயிரோட வெச்சுக் காஜா எடுத்துடுவேன்."

எல்லோரையும்விட அதிகமாகக் கொதித்தது டீச்சர். சனிக்கிழமைதோறும் மாடி ஏறி வருவார். கணக்கு டீச்சர். குரல் பின்னறைவரை வந்து விழும். "மன்னிக்கவே கூடாது இவனையெல்லாம். ஒரே ஒரு வேலை. விளக்கை எரிய வைக்கிறது. அதைச் செய்ய முடியலைன்னா எதுக்கு அங்க உட்கார்ந்திருக்கணும்?"

"கதைதானே டீச்சர்" என்றார் முதலாளி.

"உங்களுக்குக் கதை. என் தம்பி அந்த ரயில் கேட்ல போனான்."

பின்னறையில் அக்காவின் கையில் இருந்த புத்தகம் பாதித் தையலில் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் பசைச் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஐந்தாம் பாகம் வருவதற்குள் ஊர் தவித்துவிட்டது. அரசி என்ன செய்வாள், பழிவாங்குவாளா, உடைந்த கப்பலிலிருந்து ஒரு பிள்ளையாவது கரையேறியிருக்குமா. கடைசியில் வந்தது. தலைப்பு: 'விளக்குக்காரன்'. அரசி இல்லை, கப்பல் இல்லை. கதை முப்பது வருஷம் பின்னால் போய்விட்டது. விளக்குக்காரன் சிறுவனாக இருக்கிறான், வலை பின்னுகிறான், அம்மாவிடம் அடி வாங்குகிறான். பக்கம் பக்கமாக அவன் வாழ்க்கை.

முதலாளி புத்தகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "செங்கல் மாதிரி இருக்கு, ரெண்டாப் போடு" என்று பின்னறைக்கு அனுப்பினார்.

அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் புரட்டினார். வழக்கமாக அறுக்கும் இடத்தைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார். அன்று முடியவில்லை. கடைசியில் கதவு தட்டாத, யாரும் அலறாத ஓர் இடத்தில் கத்தியை வைத்தார். விளக்குக்காரனின் சின்ன மகள் கடலில் மூழ்கிப் போய்ச் சில மாதம் ஆகிவிட்டது. ஒரு சாயங்காலம். கடல் அமைதியாக இருக்கிறது. அவன் எண்ணெய்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கோபுரத்தின் படிகளில் ஏறுகிறான். அங்கே முன்பாதி முடிந்தது.

முன்பாதியைத் தைத்து ஒட்டி முன்னறைக்கு அனுப்பினார். பின்பாதிக்கும் தையல் போட்டார், அட்டையும் கட்டினார். பிறகு அதைப் பழுப்புத் தாளில் சுற்றி, அழுத்துப்பெட்டியின் அடியில் வைத்து, அதன்மேல் மற்ற புத்தகங்களை அடுக்கச் சொன்னார். காய்ந்ததும் அனுப்புவார் என்று நினைத்தேன். அது அங்கேயே இருந்தது. நாளடைவில் அதை ஒரு பலகை என்றே என் கண் எடுத்துக்கொண்டுவிட்டது. ஒவ்வொரு நாளும் எத்தனையோ புத்தகங்களின் பாரத்தை அதன்மேல் ஏற்றி, என் கையாலேயே திருகை இறுக்கினேன்.

முன்னறையில் ஒரே ரகளை. "ரெண்டு வருஷம் காக்க வெச்சிட்டு இவன் ஜாதகத்தை யார் கேட்டா?" என்று ஒருவர் புத்தகத்தை மேசைமேல் விட்டெறிந்தார். "தூக்கமாத்திரைக்குப் பதிலா இதை வாடகைக்குக் குடுங்க" என்றார் இன்னொருவர். தையல்காரர் பத்துப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். டீச்சர் முன்பாதியை முழுக்கப் படித்த வெகுசிலரில் ஒருவர். "அடி வாங்கினானாம், பொண்ணு செத்துப்போச்சாம். அதனால விளக்கை அணைச்சிடலாமா? இப்படி ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கதை சொன்னா செத்தவங்களுக்கு யாரு கதை சொல்றது? பின்பாதி இருக்கா?"

"வெளிய போயிருக்கு" என்றார் அக்கா, கதவுக்கு இந்தப் பக்கமிருந்து.

"வேணாம், விடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

கேட்ட ஒன்றிரண்டு பேருக்கும் அதே பதில்தான். ஆறாம் பாகம் வந்தது. யாரும் ஐந்தின் பின்பாதியைக் கேட்கவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் முதலாளியே, "அஞ்சை விட்டுட்டு ஆறுக்குத் தாவிடுங்க, ஒரு குறையும் வராது" என்று சொல்லிக்கொடுத்தார். முன்பாதிப் பிரதி அலமாரியில் புத்தம்புதிதாகவே நின்றது. கிழியாத புத்தகம் பின்னறைக்கு வராது. அதனால் அதை மறுபடி பார்க்கவேண்டிய அவசியமும் அக்காவுக்கு வரவில்லை.

ஆனால் ஆறாம் பாகத்தில் ஓரிடம் இருந்தது. கண் தெரியாத கிழவனாக விளக்குக்காரன் சந்தையில் உட்கார்ந்திருப்பான். அரசி பல்லக்கிலிருந்து இறங்கி, தன் கையால் அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போவாள். எங்கள் வாசகர்கள் அந்தப் பக்கத்தில் துப்பாத குறை. "பெத்த பிள்ளைகளைக் கொன்னவனுக்குத் தண்ணியா? இவ ஒரு அரசியா?" ஒருவர் அந்த வரியைப் பேனாவால் அடித்தே வைத்திருந்தார். அந்தப் பக்கம் கிழிந்து கிழிந்து பின்னறைக்கு வரும். அக்கா ஒவ்வொரு முறையும் மெல்லிய தாள் ஒட்டிச் சரிசெய்வார். நான் எழுத்துக்கூட்டாமல் படித்த முதல் பக்கங்களில் அதுவும் ஒன்று. ஏன் தண்ணீர் கொடுத்தாள் என்று எனக்கும் புரியவில்லை.

வருஷங்கள் ஓடின. வரிசை ஒன்பதாம் பாகத்தோடு முடிந்தது. பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. வெளியிடங்களில் படித்தவர்கள், 'நிழற்கடல் வரிசையிலேயே ஐந்தாம் பாகம்தான் உச்சம்' என்று பேச ஆரம்பித்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் வந்து, "அஞ்சு இருக்கா, அஞ்சு மட்டும் போதும்" என்று கேட்டார்கள். முன்பாதியை எடுத்துக்கொண்டு போய், "இதுல என்ன இருக்கு, எல்லாரும் அழுதோம்னாங்களே" என்று குழம்பித் திருப்பிக் கொடுத்தார்கள். முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவின் விரல்களில் ஊசி குத்துவது அப்போதுதான் தொடங்கியது. அதுவரை ஒருநாளும் அவர் விரலில் குத்திக்கொண்டு நான் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை டீச்சர் வந்தார். ஓய்வு பெற்றுவிட்டார், படி ஏறக் கைப்பிடியைப் பிடிக்கவேண்டியிருந்தது. ஆனால் குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"என் நாத்தனார் வந்திருந்தா. இந்த விளக்குக்காரனைப் பத்திப் பேச்சு வந்துச்சு. நான் திட்டினேன். அவ என்னை ஏதோ அரக்கியைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறா. 'அண்ணி, அந்த ராத்திரி என்ன நடந்ததுன்னு படிச்சுட்டுமா இப்படிப் பேசறீங்க?'ன்னு கேட்கிறா. எந்த ராத்திரி? நான் படிச்சதுல ராத்திரியே வரலையே! சாயங்காலத்தோட முடிஞ்சிடுச்சே!"

"பின்பாதி" என்றார் முதலாளி, தலையைச் சொறிந்துகொண்டு. "அது வெளிய போயிருக்கு டீச்சர்."

"பன்னெண்டு வருஷமாவா வெளிய போயிருக்கு? கடல் தாண்டிப் போயிருக்கா?"

முதலாளி அலமாரி அலமாரியாகத் தேடினார். பின்னறைக்கு வந்தார். அக்கா அழுத்துப்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அவரையும் பெட்டியையும் பார்த்தபோதுதான் அடியில் இருக்கும் அந்தப் பழுப்புப் பலகை என் கண்ணில் மறுபடி புத்தகமாக மாறியது.

"நான் தேடி வைக்கிறேன்" என்றார் அக்கா. "அடுத்த சனிக்கிழமை வாங்க டீச்சர்."

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். போனபோது பழுப்புத் தாளைப் பிரித்து வைத்திருந்தார். இத்தனை வருஷ பாரத்தில் புத்தகம் கத்தி போல மெலிந்திருந்தது. தாள்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.

"நீ படி" என்றார்.

"நானா? நீங்களே படிங்கக்கா."

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு."

அவர் கண் மங்கவில்லை. அன்றுகூட ஒரே முயற்சியில் ஊசியில் நூல் கோர்த்தார். கல்லூரிப் பிள்ளைகள் கை பட்டுக் கிழிந்திருந்த முன்பாதியைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தார். நான் படித்தேன். அவருடைய வீட்டுக்காரர் வழக்கம்போல நாற்காலியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. சத்தம் போட்டுப் படித்து எனக்குப் பழக்கமில்லை. தாளைத் தாளாக நகத்தால் பிரித்துக்கொண்டே படித்தேன்.

விளக்குக்காரன் திரியை ஏற்றுகிறான். விளக்கு எரிகிறது. நடுராத்திரியில் கீழே படிகளில் காலடிச் சத்தம். சின்னக் கால். ஈரமான கால். இரண்டு படி ஏறுகிறது, ஒரு படி நிற்கிறது. செத்துப்போன மகள் அப்படித்தான் ஏறுவாள். "அப்பா, இருட்டா இருக்கு" என்கிறது குரல். திரியில் எண்ணெய் குறைந்துகொண்டிருக்கிறது. அது அவனுக்குத் தெரியும். எண்ணெயை ஊற்றிவிட்டு இறங்கலாம். ஆனால் குரல் விலகிப் போகிறது. அவன் கைவிளக்கை எடுத்துக்கொண்டு இறங்குகிறான். கடைசிப் படிவரை. கதவைத் திறக்கிறான். வெளியே மணலும் காற்றும்தான். திரும்பி நிமிர்ந்து பார்க்கும்போது மேலே இருட்டு. அந்த இருட்டுக்குள் தூரத்தில் கப்பல்களின் மணிச் சத்தம்.

அந்த இடத்தில் நிறுத்தினேன். மத்தியானம். வெளியே யாரோ குழாயடியில் வாளி வைக்கும் சத்தம். ஆனாலும் அந்த ஈரக்கால் அந்த அறைக்குள் எங்கோ நிற்பது போலவே இருந்தது.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. அவர் குரலை அதுவரை நான் கேட்டதே இல்லை.

"அவனுக்காவது யாரோ கூப்பிட்டாங்க."

அக்காவின் ஊசி நின்றது.

"என்னை யாரும் கூப்பிடலை" என்றார் அவர். "தூங்கிட்டேன். ஸ்டூல்ல உட்கார்ந்தேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். குடி இல்லை, சீட்டு இல்லை, இன்னொருத்தி இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்த ஒன்றை இறக்கி வைக்கிற மாதிரி ஒரு கணம் தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"காலைலதானே ட்யூட்டி. காலைல ஏங்க தூக்கம்?"

"விடு."

"ஏங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். கோபமில்லை. கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது. "விடேன்" என்றார் மறுபடி.

"இன்னைக்குச் சொல்லலைன்னா நான் இனிமே கேட்கவே மாட்டேன்."

தன் தோளைத் தடவிக்கொண்டே சொன்னார். "பாப்பாவுக்குக் காய்ச்சல். ரெண்டு நாளா நீ கண்ணே மூடலை. அன்னைக்குத்தான் அசந்து தூங்கிட்டிருந்தே. எழுப்ப மனசு வரலை. விடிய விடிய நான்தான் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தேன்."

ரயில் வந்தது. அவர் எழுந்து நின்று சுற்ற ஆரம்பித்தார். இறக்கினார், பிடித்துக்கொண்டு நின்றார், ஏற்றினார், உட்கார்ந்தார். நான் புத்தகத்தை மூடினேன். அக்கா கையில் இருந்த ஊசியைத் தோளில் குத்தப் போய், துணியைத் தாண்டிக் குத்திக்கொண்டார். அது அவருக்குத் தெரியவில்லை. நான்தான் எழுந்து போய் உருவினேன்.

கோர்ட்டில் அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஊருக்குத் தெரியாது. அன்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. அந்தத் தூக்கம் அக்கா தூங்கிய தூக்கம். அதை அவர் தன் பெயரில் எழுதிக்கொண்டு சிறைக்குப் போயிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் வந்தார். அக்கா பின்பாதியைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வாய் ஒருமுறை திறந்தது.

"என்னம்மா?" என்றார் டீச்சர்.

"தாள் ஒட்டியிருக்கும். மெதுவாப் பிரிங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன். "ஏன்க்கா சொல்லலை?"

"சொன்னா, மன்னிச்சிடுங்கன்னு கேட்கிற மாதிரி ஆயிடும். அவரே கேட்காததை நான் எப்படிக் கேட்கறது?" பிறகு நூலை மெழுகில் இழுத்துக்கொண்டே சொன்னார். "எனக்கும் சேர்த்துல்ல கேட்கணும்."

டீச்சர் ஒரே வாரத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். முதலாளி ஆவலாக எழுந்தார். தையல்காரரும் ஏதோ சாக்கு வைத்து மாடிக்கு வந்திருந்தார். இத்தனை வருஷம் திட்டிய வாய் என்ன சொல்லப்போகிறது என்று எல்லோருக்கும் ஆசை.

"அழுதீங்களா டீச்சர்?" என்றார் தையல்காரர்.

"அழுதேன். போதுமா? போய்ப் பட்டன் தைங்க."

தையல்காரர் இறங்கிப் போனார். டீச்சர் பின்னறைக் கதவருகே வந்தார். எங்களிடம்தான் சொன்னார், அல்லது எங்களுக்குப் பின்னால் இருந்த ஜன்னலிடம்.

"காரணம் தெரிஞ்சா மனசு ஆறிடும்னு சொல்லுவாங்க. ஆறலை. முன்னாடி கோபம் இருந்துச்சு, கோபப்பட ஒரு ஆளும் இருந்தான். இப்போ கோபம் மட்டும் இருக்கு. ஆளைக் காணோம்." கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "அந்த ரயில் கேட்காரன் இன்னும் உயிரோட இருக்கானோ என்னவோ. அவனுக்கும் ஒரு பின்பாதி இருந்திருக்கும். எனக்கு அதைப் படிக்க வேணாம்."

அக்கா தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். தையல் நேராகத்தான் போனது.

"சரி, நான் வரேன்" என்று டீச்சர் படி இறங்கினார். அவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தத்தை அக்கா கடைசிப் படிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அக்கா இரண்டு பாதிகளையும் பிரித்து, நூலை மாற்றி, ஒரே புத்தகமாகக் கட்டினார். எங்கள் நூலகத்தில் பிரிக்காமல் இருந்த தடித்த புத்தகம் அது ஒன்றுதான். முதலாளி முணுமுணுத்தார். அக்கா, "இதைப் பாதியா யாருக்கும் குடுக்காதீங்க" என்று சொன்ன விதத்தில் அவர் அதற்குமேல் பேசவில்லை. அந்தப் புத்தகம் பிறகு அலமாரியில் நின்றதே இல்லை. ஆறாம் பாகத்தில் பேனாவால் அடித்திருந்த வரிக்குப் பக்கத்தில் யாரோ 'மன்னிக்கவும், அவசரப்பட்டுவிட்டேன்' என்று எழுதி வைத்தார்கள். அடித்தவரேதானா வேறு யாராவதா தெரியாது. தையல்காரர் மட்டும் கடைசிவரை மாறவில்லை. "எண்ணெயை ஊத்திட்டு எறங்கியிருக்கலாம்ல?" என்பார். அவர் சொல்வதும் சரிதான் என்று அக்கா சொல்வார்.

அக்கா அப்புறமும் பல வருஷம் வேலை செய்தார். ஆனால் தூக்கம் போய்விட்டது. கண்ணுக்குக் கீழே கருமை ஏறிக்கொண்டே வந்தது. மத்தியானத்தில் வேலை ஓய்ந்திருக்கும்போது, "கொஞ்சம் சாஞ்சுக்கங்கக்கா" என்றால், "வேணாம். நான் தூங்கினது போதும்" என்பார். பின்னறை ஜன்னல் வழியாக ரயில் சத்தம் கேட்டால் அவர் கையில் இருக்கும் ஊசி மேலே போன இடத்திலேயே நிற்கும். கடைசிப் பெட்டி கடந்த பிறகுதான் கீழே வரும்.

ஒருநாள் ஒரு கல்லூரிப் பெண் நான்காம் பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அழுது கண் சிவந்திருந்தது. முதலாளி சாப்பிடப் போயிருந்ததால் அக்கா முன்னறையில் இருந்தார்.

"அஞ்சாவது அந்த விளக்குக்காரன் கதையாமே? அதை விட்டுட்டு ஆறு எடுத்துக்கலாமா அக்கா? எனக்கு அவன் மூஞ்சியையே பார்க்கப் பிடிக்கலை."

அக்கா எழுந்து போய் ஐந்தை எடுத்துவந்தார். அதன் முதுகை ஒருமுறை தடவிப் பார்த்தார். மேசைமேல் வைத்தார்.

"எடுத்துக்கோ, படி. ஆனா படிச்சுட்டு என்ன நெனச்சேன்னு என்கிட்ட வந்து சொல்லாதே."

அந்தப் பெண் சிரித்தாள், அக்கா விளையாடுகிறார் என்று நினைத்து. தூரத்தில் ரயில் வரும் சத்தம் கேட்டது. அக்கா சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.